இறங்காத ‘ஆட்கள் தேவை’ பலகை

‘ஆட்கள் தேவை. பிரஸ் ஆபரேட்டர், சி.என்.சி. ஆபரேட்டர், ஹெல்பர். தங்கும் இடம், சாப்பாடு இலவசம்.’ சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், சவீதா மருத்துவக் கல்லூரி இருக்கும் தண்டலத்தில் உள்சாலைகளுக்குள் திரும்பினால் சின்னச் சின்ன ஷெட்டுகளின் கேட்டில் இந்தப் பலகை தொங்கும். ஃபிளெக்ஸ் வெளுத்திருக்கும். போன் நம்பரில் ஓர் எண் வெயிலில் அழிந்திருக்கும். புதிதாக ஒருவர் சேர்ந்தாலும் யாரும் அதைக் கழற்றுவதில்லை. சேர்ந்தவர் அடுத்த மாதம் இருப்பாரா என்பது யாருக்குத் தெரியும்?

“ஆளே கிடைக்கலை சார்” என்பது இந்த வட்டாரத்துச் சிறு முதலாளிகள் பாடும் பல்லவி. “இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வணங்கலை” என்பது அனுபல்லவி. விடியற்காலையில் இதே சாலையில் நின்று பார்த்தால் காட்சி வேறு. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. 1998-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ காரைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன்பிறகு சாம்சங், ரெனோ – நிசான், டெய்ம்லர், அப்போலோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டு, ஃபாக்ஸ்கான் என்று இந்தத் தடத்தில் வந்திறங்கிய பெயர்களை எண்ணி மாளாது. இப்படிப்பட்ட பெரிய ஆலைகளுக்கும், அவற்றுக்குச் சப்ளை செய்யும் நடுத்தரக் கம்பெனிகளுக்கும் பிராக்கெட், வாஷர், கிளாம்ப் அடித்துக் கொடுப்பவைதான் நாம் பேசும் பட்டறைகள். ஆக, ஆள் இருக்கிறது. ஒன்று, உங்கள் கேட்டைத் தாண்டிப் போகிறது. அல்லது உள்ளே வந்துவிட்டு, வேலை பழகிய மூன்றாம் மாதம் வெளியே போகிறது.

ஏன் போகிறார்கள் என்று கேட்டால் ‘பெரிய கம்பெனியில் சம்பளம் ஜாஸ்தி’ என்ற பதில் தயாராக வரும். அதில் பாதி உண்மை. ஏ.சி. பஸ், மூன்று வேளை கேன்டீன், யூனிஃபார்ம், ஷூ என்று ஒரு பன்னாட்டு ஆலை கொடுப்பதை இருபது பேர் வேலை செய்யும் பட்டறை கொடுக்க முடியாது. கொடுக்கச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால், பெரிய ஆலையில் கிடைப்பதும் பல நேரம் ஒப்பந்த வேலைதான், அல்லது சில மாதப் பயிற்சி வேலை. அது தெரிந்தும் பையன்கள் போகிறார்கள் என்றால், மிச்சப் பாதிக் காரணம் பட்டறைக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. இருபது பேர் உள்ள பட்டறையில் மாதம் இரண்டு பேர் நின்றால் வருடத்துக்கு 24 பேர். மொத்தப் பட்டறையையும் கலைத்துவிட்டுப் புதிதாக நிரப்பியதற்கு மேல். ஒவ்வொரு புது ஆளுக்கும் செட்டரின் நேரம் போகிறது, ரிஜெக்‌ஷன் ஏறுகிறது, டை உடைகிறது, வாடிக்கையாளரிடமிருந்து டெபிட் நோட் வருகிறது. இதெல்லாம் எந்த லெட்ஜரிலும் ‘ஆள் போன செலவு’ என்று ஏறுவதில்லை. அதனால் முதலாளிக்கு அது செலவாகவே தெரிவதில்லை.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர்களில் ஒருவர் ஹென்றி ஃபோர்டு. 1913-ல் அவருடைய ஆலையில் ஆள் மாறும் விகிதம் ஆண்டுக்கு 370 சதவீதம். நூறு இடங்களை நிரப்பி வைக்க வருடத்தில் 370 பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஒரு நாளைக்கு 5 டாலர் என்று அறிவித்தார். அதுவரை கொடுத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரக்கத்தால் செய்ததல்ல, லாபக் கணக்கு. (அவர் பெயரிலிருந்த கம்பெனியே 2022-ல் மறைமலை நகரில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டு கிளம்பியது தனிக் கதை.) தண்டலத்துப் பட்டறைக்காரரால் சம்பளத்தை இரட்டிப்பாக்க முடியாது. அவரால் முடிந்தவை எவை என்பதுதான் இந்தக் கட்டுரை.

நல்ல மனுஷன்தான், ஆனா...

இந்த வட்டாரத்துச் சிறு முதலாளிகளில் பலர் தொழிலாளியாக இருந்து வந்தவர்கள். ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்து, அம்பத்தூரிலோ பாடியிலோ ஒரு டூல் ரூமில் பதினைந்து, இருபது வருடம் உழைத்து, மனைவியின் நகையையும் வீட்டுப் பத்திரத்தையும் வைத்து இரண்டு பிரஸ் வாங்கிப் போட்டவர்கள். மெஷின் நின்றால் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு தாங்களே இறங்குவார்கள். தொழிலாளி வீட்டுக் காதுகுத்துக்கு முதல் ஆளாகப் போய் மொய் வைப்பார்கள். ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை; தீபாவளிக்கு வேட்டி, சட்டை, ஸ்வீட் பாக்ஸ். நடு ராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் சொந்தக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள்.

இவர்களிடம் வேலை பார்த்துவிட்டுப் போனவர்கள் பேச்சை இப்படித்தான் தொடங்குவார்கள்: “ஓனர் நல்ல மனுஷன்தான், ஆனா...”

அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் வருபவை எல்லாம் மனசு சம்பந்தப்பட்டவை அல்ல, நிர்வாகம் சம்பந்தப்பட்டவை. சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாது. சம்பளச் சீட்டு கிடையாது. பாதி பேங்கில், பாதி கையில். எட்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்தால் ‘சிங்கிள் ஓ.டி.’தான், அதாவது இரட்டிப்பு இல்லாத வழக்கமான மணிக் கூலி. லீவு கேட்டால் ஓனரின் அன்றைய மூடைப் பொறுத்தது. நம் ஊரில் நல்ல முதலாளி என்றால் அள்ளிக் கொடுப்பவர் என்று சினிமா பழக்கிவிட்டது. அள்ளிக் கொடுப்பது கொடுப்பவரின் விருப்பம். வாங்குகிறவர் அதை நம்பி வீட்டு வாடகைக்கோ சீட்டுப் பணத்துக்கோ தேதி சொல்ல முடியாது. காதுகுத்துக்கு ஐயாயிரம் மொய் வைப்பவர் மாதச் சம்பளத்தை 18-ம் தேதி கொடுத்தால், அந்தப் பதினெட்டு நாளில் தொழிலாளி வட்டிக்கு வாங்கிய கைமாற்று அந்த மொய்யைத் தின்றுவிடும்.

ஏழாம் தேதி என்பது புதிய விஷயமே இல்லை. 1936-ம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் ஆயிரம் பேருக்குக் குறைவான ஆலைகளுக்கு அந்தக் கெடுவைத்தான் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் மாதச் சம்பளத்துக்கு அதே ஏழாம் தேதியைச் சொல்கின்றன. கூடவே, எல்லாருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்கின்றன. ஒரு பக்கக் கடிதம்: வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, அதில் பேசிக் எவ்வளவு, வார லீவு எது. இதைக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். கொடுக்கத் தயங்குவதன் காரணம் நேரமின்மை அல்ல. எழுத்தில் வந்தால் பொறுப்பும் கூடவே வந்துவிடும் என்ற பயம். 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பயந்து ‘பிரேக்’ கொடுத்து, பெயரை எடுத்துவிட்டு மறுபடி சேர்க்கும் வழக்கம் வந்தது. நாலு வருடம் பழகிய பிரஸ் ஆபரேட்டரைத் தாங்களே அப்படி வெளியே தள்ளிவிட்டு, ‘ஸ்கில்டு ஆள் கிடைக்கலை’ என்று புலம்புவதை என்னவென்று சொல்வது?

ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். இலையைத் தைத்துத் தட்டு செய்யும் கூலித் தொழிலாளிகளில் ஒரு பிரிவினருக்கு, சேர வேண்டிய கூலியின் ஒரு பகுதியைச் சில நாட்கள் முன்னதாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதலாக ஒரு பைசா இல்லை. அவர்கள் பணமேதான், முன்னதாக. பணம் கைக்கு வந்த நாட்களில் உற்பத்தி சுமார் 7 சதவீதம் கூடியது. ரொம்பக் கஷ்டத்தில் இருந்தவர்களிடம் அதிகமாகவே கூடியது; கவனக்குறைவால் வரும் பிழைகளும் குறைந்தன. கடன்காரன் முகம் மனதில் ஓடிக்கொண்டிருந்தால் கை ஓடாது என்பதை எண்களில் காட்டிய ஆய்வு அது. இலைத் தட்டில் பிழை என்றால் தட்டு கிழியும். பவர் பிரஸ்ஸில்?

அட்வான்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆளைப் பிடித்துவைக்க இருபதாயிரம், முப்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்து மாதாமாதம் பிடிப்பது பல பட்டறைகளில் வழக்கம். முதலாளிக்கு அது உதவி. தொழிலாளிக்கு அது பூட்டு. கடன் தீராமல் போக முடியாதென்று நிற்பவர் ஒரு ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு ரயில் ஏறுவார். பணமும் போச்சு, ஆளும் போச்சு. அட்வான்ஸ் கொடுப்பது தப்பில்லை. நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு, மாதம் எவ்வளவு பிடிப்பு என்று எழுதி, வேலையை விட்டாலும் பாக்கியை இப்படி இப்படிக் கட்டலாம் என்று பேசி வைத்தால் அது கடனோடு நிற்கும்.

விரல் கணக்கு

பவர் பிரஸ் ஓடும் இடத்தைப் பார்க்காதவர்களுக்கு: தரையில் ஆயிலும் இரும்புத் துணுக்கும் கலந்த கசடு. ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் இடது கையால் தகட்டை எடுத்து டையின்மேல் வைக்கிறார். காலால் பெடலை மிதிக்கிறார். மேலிருந்து ராம் இறங்கி ‘டக்’கென்று அடித்துவிட்டு ஏறுகிறது. வலது கையால் பீஸை எடுத்து டப்பாவில் போடுகிறார். மறுபடி தகடு, மறுபடி மிதி. மணிக்கு நூற்றுக்கணக்கான முறை. கைக்கும் காலுக்கும் இடையில் தாளம் ஒருமுறை தப்பினால் போதும். கிளட்ச் தேய்ந்த பழைய பிரஸ்ஸாக இருந்தால் தாளம் தப்பவே வேண்டாம். ஒரு மிதிக்கு இரண்டு முறை இறங்கிவிடும்.

இதற்குத் தீர்வு தெரியாமல் இல்லை. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் இறங்கும் என்று அமைக்கலாம். கை டைக்குள் இருக்கவே வாய்ப்பில்லை. கை குறுக்கே வந்தால் நிறுத்தும் ஒளித்திரை சென்சார் இருக்கிறது. அதுகூட வேண்டாம், பீஸை எடுக்கக் காந்தக் கம்பியோ இடுக்கியோ கொடுத்தாலே பெரும்பாலான நேரம் விரல் டைக்கு வெளியே இருக்கும். சோகம் என்னவென்றால், பட்டனைப் பொருத்திய பட்டறையிலும், பீஸ் கணக்கு ஏற வேண்டும் என்று ஒரு பட்டனில் டேப்பைச் சுற்றி அழுத்தியே வைத்திருப்பார்கள். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காததுபோலப் போவார். இன்றைக்கு எத்தனை பீஸ் என்று மட்டும் கேட்கும் முதலாளி, அந்த டேப்பைத் தன் கையாலேயே ஒட்டியதற்குச் சமம் என்பது என் கருத்து.

ஹரியானாவின் குருகிராம் – மானேசர் வாகன உதிரிபாகப் பட்டறைகளை மையமாக வைத்து ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு 2019 முதல் ‘கிரஷ்டு’ என்ற தலைப்பில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. விரல் நசுங்கியவர்களை வரிசையாகச் சந்தித்துப் பேசி எழுதியவை. விபத்துகளுக்கு முதல் காரணம் பவர் பிரஸ். காயம்பட்டவர்களில் பலருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை வந்ததே விபத்து நடந்த பிறகுதான். ஹரியானா எங்கோ இருக்கிறது என்று தள்ளிவிட முடியாது. ‘ஆறு மாசம் நிக்கிறானான்னு பாத்துட்டு ஈ.எஸ்.ஐ. போடலாம்’ என்ற பேச்சு தண்டலத்திலும் உண்டு.

போட்டால் எவ்வளவு ஆகும்? 15,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், அதாவது மாதம் 487 ரூபாய் 50 காசு. தொழிலாளியிடம் பிடிப்பது 112 ரூபாய் 50 காசு. பத்துப் பேர் இருந்தால் கட்டாயம். வேலையில் காயம் பட்டால் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு. குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்கு உதவித்தொகை. நிரந்தர ஊனமானால் இழப்புக்கு ஏற்ற மாதத் தொகை. போடாமல் விட்டால், ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் தான் கொடுத்த பணத்தை முதலாளியிடமே வசூலிக்கலாம்.

ஒன்பது பேர்தானே, எனக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு 1923-ம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த வாய்பாடு காத்திருக்கிறது. இருபத்தைந்து வயதுத் தொழிலாளி, சம்பளம் 15,000. வேலையில் இறந்துவிட்டால், பாதிச் சம்பளமான 7,500-ஐ அந்த வயதுக்கான 216.91 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். வருவது 16,26,825 ரூபாய். இரண்டு பழைய பிரஸ்ஸை விற்றாலும் இந்தப் பணம் வராது. இதற்கென்றே இருக்கும் குழு இன்ஷூரன்ஸை எடுத்துவைப்பது தொழிலாளிக்குச் செய்யும் தயவு அல்ல. முதலாளி தன் வீட்டுப் பத்திரத்துக்குப் போடும் காப்பு.

தகர ஷெட்டும் மொட்டை மாடியும்

சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இந்திய ஆலைகளின் பல வருடத் தரவுகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, ஆண்டுச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உற்பத்தி சுமார் 2 சதவீதம் இறங்குகிறது என்று கண்டது. பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் பழைய விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றினார்கள், மின்சாரம் மிச்சமாகட்டும் என்று. புது விளக்கு சூடு கக்காததால் வெயில் நாட்களில் உற்பத்தியும் கூடியது. முதலாளிகள் எதிர்பார்க்காத போனஸ். கூரையில் காற்றுக்குச் சுழலும் டர்போ வென்டிலேட்டரும் வெள்ளைப் பெயின்ட்டும் பெரிய முதலீடு இல்லை. குடிக்க நல்ல தண்ணீர், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை ஆகியவற்றைப் பற்றி 2020-களில் எழுத வேண்டியிருப்பதே கூச்சமாக இருக்கிறது. தாண்டிப் போவோம்.

தாண்ட முடியாதது, பலகையில் இருக்கும் ‘தங்கும் இடம் இலவசம்’. பெரிய ஆலைகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று சரியான தகவல் கிடைக்காத ஆத்திரத்தில் மற்ற பெண்கள் நெடுஞ்சாலைக்கு வந்து உட்கார்ந்தார்கள். இதே சாலை. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ல்தான் மறுபடி திறந்தது. விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் தரமில்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதன்பின் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைச் சிப்காட் கட்டியது. 2024 ஆகஸ்ட்டில் முதல்வர் திறந்துவைத்தார். சின்னப் பட்டறைக்காரருக்கு யாரும் கட்டிக் கொடுக்கப்போவதில்லை. ஷெட்டுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை, அதில் எட்டுப் பாய், மூலையில் அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு. ஒடிசா, பீகார், அஸ்ஸாமிலிருந்து வந்த பையன்கள் பன்னிரண்டு மணி நேரம் கீழே நின்றுவிட்டு அங்கேதான் படுக்க வேண்டும். கேஸ் சிலிண்டரை வெளியே வைக்க ஒரு கூண்டு, ஆளுக்கு ஒரு பூட்டுப் போட்ட பெட்டி, ஒரு ஜன்னல், இரண்டு ஃபேன். வாரக் கடைசியில் ஓனர் மாடி ஏறிப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பல ஓனர்கள் ஏறுவதே இல்லை.

அவர்களுடைய லீவையும் நம் காலண்டரில் வைத்துப் பார்க்கிறோம். தீபாவளிக்கு ஆறாம் நாள் பீகார்க்காரர்களுக்குச் சத் பூஜை. நமக்குப் பொங்கல் எப்படியோ அவர்களுக்கு அது. தீபாவளிக்கு மூன்று நாள் லீவு விட்டுவிட்டு ‘நாலாம் நாள் டாண்ணு வந்துடணும் பையா’ என்றால் எப்படி வருவார்கள்? 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகஸ்ட் கடைசியிலேயே யார் எப்போது போவது, யார் இருப்பது என்று உட்கார்ந்து பேசி, டிக்கெட்டும் போட்டுக் கொடுத்த பட்டறைக்குப் பையன்கள் திரும்பி வருவார்கள். 2023 மார்ச்சில் வட மாநிலத்தவரைத் தமிழ்நாட்டில் தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பயந்து பலர் ஊருக்குக் கிளம்பினார்களே, அப்போது அவர்களை நிறுத்தியது கலெக்டரின் அறிக்கை மட்டுமல்ல. ‘ஓனர் இருக்காரு, பாத்துப்பாரு’ என்று நம்பியவர்களும் உண்டு.

யார் காதில் விழுகிறது?

முதலாளி எவ்வளவு நல்லவர் என்பது ஷாப் ஃபுளோரில் சூப்பர்வைசரின் வாயைப் பொறுத்தது. நன்றாக வேலை செய்த ஆபரேட்டரைச் சூப்பர்வைசர் ஆக்குவோம். ஆள்களிடம் எப்படிப் பேசுவது என்று மட்டும் சொல்லித்தர மாட்டோம். அவருக்குத் தெரிந்தது, அவருடைய பழைய சூப்பர்வைசர் அவரைத் திட்டிய வசவு. அதையே அவரும் திட்டுவார். அப்பா பெயரை இழுத்துத் திட்டு வாங்கிய பையன் மறுநாள் வரமாட்டான். ஏன் என்றும் சொல்ல மாட்டான். சில இடங்களில் அந்த நாற்காலியில் மச்சானோ மகனோ இருப்பார். புகாரை யாரிடம் சொல்வது? மும்பை அருகே குடும்ப முதலாளிகள் நடத்தும் துணி ஆலைகளில் ஆய்வு செய்து 2013-ல் எழுதிய பொருளாதார நிபுணர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்தார்கள். குடும்பத்தில் எத்தனை ஆண்களோ அந்த அளவுக்குத்தான் தொழில் வளர்ந்திருந்தது. வெளியாளை நம்பிப் பொறுப்புக் கொடுக்க மனம் வரவில்லை. அதே ஆலைகளில் பழுதைத் தினமும் எழுதி வைப்பது, ஸ்டோரை ஒழுங்கு செய்வது, மெஷினை முன்கூட்டியே பராமரிப்பது போன்ற சாதாரண வேலைகளைப் பழக்கியதில் முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது.

சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் முதலாளிகளுக்கு ஜுரம் வரும். 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, மில் தொழிலாளர்களின் குறைகளில் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. நூறாண்டு கழித்து, 2024 செப்டம்பர் 9-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. சம்பளக் கோரிக்கையும் இருந்தது. ஆனால், நடுநாயகமாக நின்றது எங்கள் சங்கத்தோடு உட்கார்ந்து பேசுங்கள் என்ற கோரிக்கை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. உலகப் பெருங்கம்பெனியிலேயே விஷயம் ‘யாரோடு பேசுவது’ என்பதில்தான் முட்டிக்கொண்டது.

பட்டறையில் இதைச் செய்வது சுலபம். திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடம் நின்று பேசலாம். என்ன ஆர்டர், எந்த மெஷின் தகராறு, யாருக்கு என்ன குறை. கேட்டதில் ஒன்றையாவது அடுத்த திங்களுக்குள் செய்து காட்ட வேண்டும். முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சிறு தொழில்களுக்காக 2009 முதல் நடத்திய ‘ஸ்கோர்’ பயிற்சியிலும் முதல் பாடம் இதுதான்: முதலாளி தரப்பும் தொழிலாளிகளும் கலந்த ஒரு சின்னக் குழு. கர்நாடகத்தில் ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில், சம்பள உயர்வு எதிர்பார்த்த அளவு வராமல் மனம் வெறுத்திருந்த தொழிலாளிகளில் சிலரிடம் வேலை, சூப்பர்வைசர், சம்பளம் பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். அவ்வளவுதான். கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டவர்கள் குறைவு. சம்பளம் ஏற்ற முடியாத முதலாளி இதைக் கவனிக்க வேண்டும். கேட்டுவிட்டு எதுவும் செய்யாமல் விட்டால் இந்த மருந்து இரண்டாம் முறை வேலை செய்யாது என்பதையும் சேர்த்துத்தான்.

பெண்கள் விஷயத்தில் ஒன்று மட்டும். அசெம்பிளிக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் பெண்களை எடுக்கும் பட்டறைகள் கூடிவருகின்றன. இன்டர்வியூவில் ‘கல்யாணம் ஆயிடுச்சாம்மா?’ என்ற கேள்வி இன்னும் முதல் கேள்வியாக வருகிறது. பத்துப் பேர் இருந்தால் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்று 2013-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எத்தனை ஷெட்டுகளில் அந்தக் குழு காகிதத்திலாவது இருக்கிறது என்று ஓனர்களே மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளலாம்.

பணம் மேலிருந்து வர வேண்டும்

இவ்வளவும் எழுதிவிட்டு முதலாளி தரப்பைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஏழாம் தேதி சம்பளம் போட முடியாததன் காரணம் பல நேரம் கஞ்சத்தனம் அல்ல. சரக்குப் போய்த் தொண்ணூறு நாளாகியும் வராத பில். பெரிய ஆலை தனக்கு நேரடியாகச் சப்ளை செய்யும் கம்பெனிக்குக் கெடு வைத்து நெருக்கும். அந்தக் கம்பெனி கீழே உள்ள பட்டறையைப் பிழியும். பட்டறைக்குக் கீழே யாரும் இல்லை, தொழிலாளியைத் தவிர. மேலே தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் கடைசியில் பிரஸ்ஸின் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் சம்பளத் தேதியில் போய் விழுகிறது.

சட்டம் முதலாளிக்கும் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(ஹெச்) என்ற பிரிவு வந்தது. குறு, சிறு தொழில்களுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் ஆண்டுவரை அதை வாங்கியவர் செலவாகக் காட்டி வரிச் சலுகை பெற முடியாது. பெரியவர்களின் கணக்குப் பிரிவு மார்ச் மாதத்தில் சிறு சப்ளையர்களுக்குத் தானாகப் போன் செய்ய ஆரம்பித்தது இந்தப் பிரிவுக்குப் பிறகுதான் என்று ஆடிட்டர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. ஆனால், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவே இல்லாமல் இருந்தால் இந்த உரிமையைக் கேட்பது கஷ்டம். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் நியாயமானதுதான். அதனால் தனியாள் போகாமல், எஸ்டேட் சங்கம் மூலமாகக் கேட்க வேண்டும். தொழிலாளிகளின் சங்கத்தைக் கண்டால் ஜுரம் வரும் முதலாளிகளும், தங்களுக்கென்று வரும்போது சங்கத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

போகிறவர்களை அனுப்புவது

நல்ல பட்டறையிலிருந்தும் ஆள் போகத்தான் செய்வார்கள். இருபத்திரண்டு வயதுப் பையன் பன்னாட்டுக் கம்பெனியின் யூனிஃபார்மைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுவது குற்றமில்லை. ‘நோட்டீஸ் கொடுக்கலை’ என்று கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்துவைப்பது, சர்ட்டிஃபிகேட்டுக்கு அலையவிடுவது, பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதியைப் பதியாமல் இழுப்பது ஆகியவைதான் பட்டறையின் பெயரைக் கெடுப்பவை. முதலாளி தேதியைப் பதியாவிட்டால் தொழிலாளி தானே பதிய இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாதமும் அவருடைய ஊர் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் கம்பெனியின் பெயர் அடிபடும். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டத் தொகுப்பு.

ஐந்து வருடம் முடித்தவர் என்றால் கிராஜுவிட்டியும் உண்டு. பத்துப் பேர் இருக்கும் பட்டறைக்கும் பொருந்தும் என்பது பல ஓனர்களுக்கு அந்த நாள் வரும்போதுதான் தெரியவருகிறது. கடைசிச் சம்பளம் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 13,000 என்றால் 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும், வருடத்துக்கு 7,500. எட்டு வருடத்துக்கு 60,000. அன்றைக்குத் திடீரென்று தேடினால் கஷ்டம். ஆளுக்கு மாதம் 625 ரூபாய் தனிக் கணக்கில் போட்டு, சம்பளம் ஏற ஏற அதையும் ஏற்றிக்கொண்டு வந்தால், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம்.

பெரிய ஆலையில் ஒப்பந்தம் முடிந்து பதினெட்டு மாதத்திலோ இருபது மாதத்திலோ அதே பையன் திரும்பி வந்து நெடுஞ்சாலையில் இறங்குவான். இப்போது அவனுக்கு ரோபோ வெல்டிங் தெரியும், வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் ‘ஐந்து எஸ்’ முறை தெரியும், ஆடிட் என்றால் என்னவென்று தெரியும். ‘அண்ணே, வேலை இருக்கா?’ என்று எந்த ஓனருக்குப் போன் போடுவது என்று யோசிக்கும்போது, போன தடவை கணக்கு முடிக்க எங்கே எத்தனை நாள் அலையவிட்டார்கள் என்பதைத்தான் முதலில் நினைத்துப் பார்ப்பான்.